டிஸ்க் இருந்தா போலாம்

உள்ள தள்ளி நில்லுங்கண்ணா, சாரல் அடிக்குது. சைக்கிளை இப்படிச் சுவரோரமா சாத்துங்க. இந்த மழை ஒரு மணி நேரத்துக்கு விடாது. மேல இருந்து மூடிக்கிட்டு வந்தா அப்படித்தான். நீங்களும் மாட்டிக்கிட்டீங்க, போங்க.

கடுங்காப்பி குடிப்பீங்களா? பால் இல்ல. வெல்லம் போட்டதுதான்.

"யாரு சுகுணா?"

"சைக்கிள்ல வந்தவங்க அத்தை. மழைக்கு ஒதுங்கியிருக்காங்க."

எங்க மாமியார். படுத்திருக்காங்க. படுத்துக்கிட்டே வாசல்ல யாரு வந்தா, யாரு போனான்னு சொல்லிருவாங்க. அவ்வளவு கூர்மையான காது.

அண்ணா, ஒண்ணு கேக்கட்டுமா? உங்க வண்டியில இருக்கிறது ஒயர் பிரேக்கா, ஆயில் பிரேக்கா? ஆயிலா! அதான் குழாய் தடிமனா வருதுன்னு பார்த்தேன். சிரிக்காதீங்க. இந்த அஞ்சு மாசமா எனக்கு வேற நினைப்பே இல்ல. அங்கன்வாடியில டீச்சர் எங்க பாப்பாகிட்ட "டி-க்கு என்ன வரும்?"னு கேட்டாங்களாம். அது "டிஸ்க்"குன்னு சொல்லியிருக்கு. நாலு வயசு. டீச்சர் என்னைக் கூப்பிட்டு, "வீட்டுல என்னம்மா தொழில்?"னு கேக்குறாங்க.

உள்ளதைச் சொல்லிடறேன். நீங்க கீழ வளைவுல ஏறி வர்றப்பவே உங்க சக்கரத்தைப் பார்த்துட்டேன். அப்பவே வானத்தையும் பார்த்தேன். இவரு நம்ம வாசல்ல ஒதுங்கணும் சாமின்னு வேண்டிக்கிட்டேன். எனக்கு உங்ககிட்ட ஒரு காரியம் ஆகணும். பயப்படாதீங்க, செலவில்லாத காரியம். உள்ள என் சைக்கிள் நிக்குது. அதைப் பார்த்துட்டு, பிரேக் நல்லா இருக்குன்னு ஒருத்தர்கிட்ட போன்ல சொல்லணும். நல்லா இல்லைன்னா இல்லைன்னே சொல்லுங்க. பொய் வேண்டாம்.

ஒருத்தர்னா எங்க வீட்டுக்காரருதான். ஓசூர்ல கம்பெனி வேலை. பதினஞ்சு நாளைக்கு ஒருக்கா சனிக்கிழமை வருவாரு. இன்னைக்கு ஞாயித்துக்கிழமை, ரூம்லதான் இருப்பாரு. மழை கொஞ்சம் குறையட்டும், இந்த ஜன்னல்கிட்ட சிக்னல் வரும். அதுவரைக்கும் முதல்ல இருந்து சொல்லிடறேன். இல்லைன்னா அவருகிட்ட என்ன பேசுறதுன்னு உங்களுக்குத் தெரியாது.

ஆடி மாசம். அடிவாரத்துல நர்சரி வச்சிருக்காங்கல்ல மரகதம் அக்கா, ரோஜா, மா, கொய்யா எல்லாம் ஒட்டுச்செடி விக்கிறாங்க, அவங்க இலைமக்கு ஏத்தறதுக்காக டெம்போவுல மேல வந்தாங்க. எங்க வீட்டுக்குப் பின்னாடி ஆரஞ்சு மரம் நிக்குது. நான் ஒட்டுக் கட்டினது. எட்டாவது முழுப்பரிச்சை லீவுல எங்க சித்தப்பா கூட எஸ்டேட்டுக்குப் போய் கத்துக்கிட்ட கை. அக்கா அந்த ஒட்டைத் தடவிப் பார்த்துட்டு, "இது யாரு கட்டுனது?"ன்னாங்க. நான்தான்னேன். "நீ என்ன பண்ணிக்கிட்டு இருக்கே?"ன்னாங்க. ஆடு மேய்க்கிறேன், பாப்பாவைப் பார்த்துக்கிறேன்னேன். "ஆட்டை யாரு வேணாலும் மேய்க்கலாம். நீ வேலைக்கு வந்துரு"ன்னாங்க.

ஒரே ஒரு கண்டிஷன். காலையில ஏழரைக்கு அங்க நிக்கணும். வெயில் ஏறிட்டா வெட்டின குச்சி வாடிரும். இங்க இருந்து முதல் பஸ் ஒன்பது மணிக்கு. காட்டுப்பாதையில நடந்தா காட்டெருமை. எங்க வீட்டுல ஒரு சைக்கிள் இருக்கு, அவரு கல்யாணத்துக்கு முன்னாடி ஓட்டினது, மேல பெரிய ஸ்கூல்ல படிச்ச யாரோ ஒரு பையன் விட்டுட்டுப் போன கியர் சைக்கிள். ஆட்டுக்கொட்டாய்ல தொங்கிக்கிட்டு இருந்துச்சு. ஆறரைக்குக் கிளம்பினா பதினாலு வளைவு, அரை மணி நேரம்கூட ஆகாது. சாயங்காலம் ஏறி வர்றதுக்கு அக்காவோட டெம்போ இருக்கு, அதுல சைக்கிளோட ஏத்தி விட்டுருவேன்னாங்க.

அன்னைக்கே அவருக்குப் போன் பண்ணினேன். மத்த வீட்டு ஆம்பளைங்களா இருந்தா என்ன சொல்லியிருப்பாங்க? இவரு, "போலாமே, யாரு வேண்டாம்னா?"ன்னாரு. அப்படியே சொன்னாரு. "ஆனா சுகுணா, அந்தப் பிரேக்கை வச்சுக்கிட்டு பதினாலு வளைவு எறங்குவியா? ஈரத்துல ரப்பர் பிடிக்காது. டிஸ்க் இருந்தா போலாம்."

உண்மைதானுங்களே? பழைய வண்டியில ரெண்டு ரப்பர் கட்டை, சக்கரத்தோட ஓரத்தை ரெண்டு பக்கமும் கவ்வும், டிஸ்க் மாதிரி நடுவுல தனியா இரும்புத் தட்டு கிடையாது. அவ்வளவுதான். நான் சோதிச்சுப் பார்த்தேன். வளைவுக்கு நம்பர் கீழ இருந்துதானே, தூறல்ல மேல பதினாலுல இருந்து பன்னெண்டாவது வளைவு வரைக்கும் எறங்கினேன், முழுசாப் பிடிச்சும் வண்டி நிக்கல, தடுப்புச் சுவர்ல காலை ஊணி நிறுத்தினேன். அவரு ஓசூர்ல இருந்துக்கிட்டு எவ்வளவு சரியாச் சொல்லியிருக்காரு பாருங்க.

சரி, டிஸ்க் போட்டுருவோம்னு சைக்கிளை பஸ் மேல ஏத்திக்கிட்டு சேலம் போனேன். காதர் பாய்னு ஒருத்தர், பழைய கியர் சைக்கிளெல்லாம் பிரிச்சுப் போட்டு வச்சிருப்பாரு. வண்டியைச் சுத்திச் சுத்திப் பார்த்துட்டு, "எங்கம்மா மாட்டறது? இந்த பிரேமுல இடமே இல்லையே"ன்னாரு. உங்க வண்டியில பாருங்க, பின்சக்கரத்துக்கிட்ட பிரேமோடவே ரெண்டு காது மாதிரி விட்டிருக்கு, அதுல பிரேக் உக்காருது. என் வண்டி செஞ்ச காலத்துல அந்தக் காது கிடையாது. சக்கரத்து நடுவுல தட்டை முடுக்க ஆறு ஓட்டையும் கிடையாது.

எங்க வீட்டுக்காரருக்குப் போன்ல சொன்னேன். "நான்தான் நினைச்சேனே, பழைய பிரேமுல ஆகாதுன்னு. விடு, புதுசு வாங்கறப்ப பாத்துக்கலாம்"னாரு. என் மனசு கஷ்டப்படக் கூடாதுன்னு நாள் பூரா வாட்ஸப்புல பூவா அனுப்பினாரு.

ஆனா எனக்கு மனசு கேக்கல அண்ணா. ஒட்டுக் கட்டறவளுக்குப் பழைய கட்டைன்னா என்ன? பழைய கட்டைதானே வேர். அதுல புதுக்குச்சி பிடிக்குமா பிடிக்காதான்னு கட்டிப் பார்த்தாத்தானே தெரியும்? மறுபடியும் பாய்கிட்ட போனேன். "வந்துட்டியா? உன்னை விட என் சம்சாரம் தேவலாம்மா"ன்னாரு. ஆனா தேடினாரு. லாரியில அடிபட்ட ஒரு சைக்கிள்ல இருந்து முன்சக்கரத்தைத் தாங்கற போர்க் கிடைச்சுது. அதுல காது இருக்கு, டிஸ்க் போடற சக்கரமும் கூடவே வந்துச்சு. கழுத்து அளவு ஒண்ணுதான், அப்படியே உள்ள போயிருச்சு. முன்பக்கம் அரைநாள் வேலை.

பாய் சொன்னாரு, "இதோட விட்டுரும்மா. எறக்கத்துல வண்டியை நிறுத்துறதே முன்பிரேக்குதான். பின்னாடி ரப்பரே இருக்கட்டும், போதும்."

அதை அவருகிட்ட சொன்னேன். "தாராளமா. ஆனா பாதி வேலை பண்ணிட்டு விழுந்து வச்சா பாப்பாவை யாரு பாக்கறது? ரெண்டு பக்கமும் இருந்தா எனக்கு நிம்மதியாத் தூக்கம் வரும்"னாரு. பாப்பாவைச் சொன்னதும் எனக்குக் கண்ணுல தண்ணி வந்துருச்சு.

என் கூடப்பொறந்த அக்கா வீட்டுக்காரரு அப்படிப்பட்டவரு இல்ல. அவ தையல் கம்பெனிக்குப் போறேன்னதும் "போனா காலை ஒடிப்பேன்"னாரு. ஒரே பேச்சு. அவ ஒரு நாள் அழுதா, ரெண்டு நாள் சோறாக்கல, மூணாம் நாள் கிளம்பிப் போயிட்டா. இப்ப சூப்பர்வைசர். நானும் யோசிச்சுப் பார்த்திருக்கேன். எனக்கு அந்த மாதிரி சண்டை போடக்கூட ஒண்ணும் இல்லையே. அவருதான் வேண்டாம்னு சொல்றதே இல்லையே.

அதுக்குள்ள ஆவணி வந்துருச்சு. மரகதம் அக்கா, "ஆவணி பதினஞ்சுக்கு வந்துருவியா?"ன்னு கேட்டிருந்தாங்க. பின்பிரேக் முடியட்டும்க்கான்னேன்.

பின்பிரேக்தான் பாடு. புதுச் சக்கரம் அரை சென்டிமீட்டர் அகலம், பிரேமுக்குள்ள போகல. இரும்பு பிரேம்கிறதால பாய் ரெண்டு பக்கமும் பிடிச்சு மெதுவா விரிச்சாரு, விரிஞ்சு கொடுத்துச்சு. காதுக்கு என்ன பண்றது? அடிவாரத்துல இரும்புக் கேட்டு பத்த வைக்கிறவரு வெல்டு பண்ணித் தரேன்னாரு. பாய் விடல. "சன்னக் குழாய். வெந்து போச்சுன்னா எறக்கத்துல ரெண்டா ஒடிஞ்சு கையில வரும்"னாரு. அச்சோட சேத்து முடுக்கற ஒரு தகடு வரவழைச்சோம், அதுல பிரேக்கை மாட்டினோம். ஓட்டிப் பார்த்தேன். பிரேக் பிடிச்சதும் சக்கரம் நிக்கறதுக்குப் பதிலா தகடு சுத்துது! ஒரு முனையில மட்டும் கட்டினா சுத்தத்தானே செய்யும்? ஒட்டுக்கு மேல ஒரு கட்டு, கீழ ஒரு கட்டு போடுவோம்ல, அந்த மாதிரி தகட்டோட இன்னொரு முனையை மேல போற குழாயோட கவ்வு வச்சுக் கட்டலாமான்னு நான்தான் கேட்டேன். பாய் என்னைப் பார்த்தாரு, தகட்டைப் பார்த்தாரு. "நீ ஏம்மா செடி வியாபாரத்துக்குப் போறே, இங்கயே இரு"ன்னாரு.

அப்புறம் பிரேக் கைப்பிடி. பழைய கைப்பிடி ஒயரை நீளமா இழுக்கும், டிஸ்குக்குக் கொஞ்சமா இழுத்தாப் போதும். அதையும் மாத்தினோம். புரட்டாசி கடைசியில வண்டி ரெடி. நானே எல்லா போல்ட்டும் முடுக்கினேன். இந்த வாசல்லதான் நிறுத்தினேன். ரெண்டு சக்கரத்துலயும் தட்டு பளபளன்னு. எனக்கு அன்னைக்குச் சோறு இறங்கல அண்ணா, அவ்வளவு சந்தோஷம்.

அக்காகிட்ட நாளைக்கு வரேன்னு சொல்லிட்டேன்.

காலையில ஆறரைக்குக் கிளம்பினேன். பதினாலாவது வளைவுல பிடிச்சேன். வழுக்குது. பதிமூணுல ரெண்டு கையிலயும் இறுக்கினேன். வெண்ணெயைப் பிடிச்ச மாதிரி. நேரா உண்ணிமுள்ளுப் புதருக்குள்ள. இங்க பாருங்க முழங்கை, ஏழு தையல்.

என்ன ஆச்சுன்னா, எங்க பக்கம் மழைக்காலத்துல இரும்பு ரெண்டே நாள்ல துருப்பிடிச்சுரும். அருவா, கொத்து, அரிவாமணை எல்லாத்தையும் சாயங்காலம் விளக்கெண்ணெய் போட்டுத் துடைச்சுத்தான் வைப்போம். அத்தை புதுத் தட்டைப் பார்த்திருக்காங்க. 'புள்ள ஆசையாப் போட்டிருக்கு, துருப்பிடிச்சுரப் போகுது'ன்னு ரெண்டு தட்டுக்கும் முன்னயும் பின்னயும் விளக்கெண்ணெய் தடவி விட்டிருக்காங்க. தட்டைக் கவ்வற பேட் எண்ணெயைக் குடிச்சிருச்சுன்னா அப்புறம் பிடிக்காது, மாத்தித்தான் ஆகணும். பாவம், அவங்களுக்கு எப்படித் தெரியும்? பாசத்துல செஞ்சது. எனக்குச் சிரிப்புத்தான் வந்துச்சு. தையல் போடறப்பகூடச் சிரிச்சேன், நர்ஸம்மா பயந்துட்டாங்க.

"அத்தை, இதுல மட்டும் எண்ணெய் படக் கூடாது. இது எண்ணெய் இல்லாம இருந்தாத்தான் நிக்கும்"னு சொன்னேன். "எனக்கென்னடி தெரியும், இனிமே தொடமாட்டேன்"னாங்க.

தட்டைக் கழட்டிச் சோப்பு போட்டுக் கழுவி, ஸ்பிரிட் வச்சுத் துடைச்சு, புது பேட் போட்டேன். பத்து நாள். மறுபடியும் கிளம்பற அன்னைக்கு, நல்லவேளை வாசல்லயே பிடிச்சுப் பார்த்தேன். வழுக்குது. விளக்கெண்ணெய் வாசம். மறந்துட்டாங்களாம். வயசாச்சுல்ல? அம்பத்தி ஆறு. ஆடு முப்பத்தி ரெண்டு இருக்கு, எது எந்தக் கிழமை குட்டி போட்டுச்சுன்னு கேளுங்க, சொல்லுவாங்க. ஆனா இந்த மாதிரிப் புது விஷயம் மனசுல நிக்காது போல. மறுபடியும் கழுவி, பேட் மாத்தி, ஒன்பதாவது வளைவு வரைக்கும் எறங்கிப் பார்த்துட்டு, பாப்பாவோட பழைய ஜட்டி ரெண்டைத் தட்டு மேல மாட்டிக் கட்டி வச்சிருக்கேன். அதோ பாருங்க, சிரிப்பா இருக்கும்.

அவரு வந்தப்ப வண்டியைத் தொட்டுக்கூடப் பார்க்கல, என் கையைத்தான் தடவிப் பார்த்தாரு. "போ சுகுணா. நான் தடுக்கவே மாட்டேன். ஆனா விவரம் தெரிஞ்ச ஆளு ஒருத்தரு பார்த்து, சரியா இருக்குன்னு சொல்லிட்டா நல்லது"ன்னாரு. பாய் சொல்றாரேன்னேன். "அவன் போட்டதை அவனே குறை சொல்லுவானா? வெளியாளு சொல்லணும்"னாரு. நியாயம்தானே? ஆனா இந்த மலையில டிஸ்க் தெரிஞ்ச வெளியாளுக்கு நான் எங்க போவேன்? மூணு ஞாயித்துக்கிழமையா ரோட்டைப் பார்த்துக்கிட்டு உக்காந்திருக்கேன். உங்களை மாதிரி சைக்கிள்காரங்க கும்பலா வர்றாங்க, கையைக் காட்டினா அவங்களும் கையைக் காட்டிட்டுப் போயிடறாங்க.

நேத்து மரகதம் அக்கா போன் பண்ணினாங்க. "சுகுணா, மழை போனா ஒட்டுப் பிடிக்காது. இந்தத் திங்கக்கிழமை வந்தா வா. இல்லைன்னா வேற ஒருத்தி கேட்டிருக்கா, அவளைப் போட்டுக்கிறேன். கோவிச்சுக்காதே"ன்னாங்க. திங்கக்கிழமைன்னா நாளைக்கு. அதான் உங்களை இப்படிப் பிடிச்சுக்கிட்டேன்.

வாங்க, இப்படி வாங்க. ஜட்டியைக் கழட்டறேன் இருங்க. தூக்கிச் சுத்தி விடுங்க. லேசா ஒரு சத்தம் வரும், அது தட்டு ஒரு மயிரிழை கோணல், ஓட ஓடச் சரியாகும்னாரு பாய். அந்தக் கவ்வை ஆட்டிப் பாருங்க. ஆடுதா? வாசல்ல ஈரத்துல ஒரு தடவை ஓட்டிப் பாருங்க, கூச்சப்படாதீங்க. சீட்டுதான் உங்களுக்குக் குட்டை.

நின்னுச்சா? டக்குன்னு நின்னுச்சு, நான் பார்த்தேன்! ஆட்டுக்குட்டி பயந்து ஓடுது பாருங்க. என்ன சொல்றீங்க? உங்க வண்டி அளவுக்கா? சும்மா சொல்லாதீங்கண்ணா.

இருங்க, போட்டுடறேன். ரிங் போகுது. ஹலோ? என்னங்க, இங்க ஒரு அண்ணன் வந்திருக்காங்க, கோயம்புத்தூரு, பெரிய டிஸ்க் சைக்கிள்ல மலையெல்லாம் ஏறுறவங்க. வண்டியைப் பார்த்தாங்க, ஓட்டியும் பார்த்தாங்க. இந்தாங்க, பேசுங்க. அண்ணா, பேசுங்க. மறைக்காமச் சொல்லுங்க.

கொடுங்க. ஹலோ? ஆமாங்க. ரெண்டு பக்கமும்தான். ஈரத்துலயும்தான், இப்பத்தான் ஓட்டினாங்க. ம். ம். அப்படிங்களா? ம். சனிக்கிழமையா? ம். சரிங்க. பாப்பா தூங்குதுங்க. சரிங்க.

வச்சுட்டாரு.

சந்தோஷம்தாண்ணா. ரொம்பச் சந்தோஷப்பட்டாரு. "அந்த பிரேமுலயா இவ்வளவு நல்லாப் போட்டிருக்கே?"ன்னாரு. இந்த அஞ்சு மாசத்துல இன்னைக்குத்தான் நல்லா இருக்குன்னு ஒரு வார்த்தை அவரு வாயில இருந்து வந்திருக்கு. எல்லாம் நீங்க சொன்னதால.

அவரு ரூம்ல இருந்து கம்பெனி நாலு கிலோமீட்டராம். ஷேர் ஆட்டோல ஒரே நெரிசலாம். இவ்வளவு நல்லா இருந்தா சைக்கிள் தனக்கே ஆகும்னாரு. வர்ற சனிக்கிழமை வந்து எடுத்துட்டுப் போறாராம். எனக்கு அப்புறமாப் பார்த்துக்கலாம்னாரு.

காப்பியைக் குடிங்க, ஆறுது.

ஓசூருக்கு நான் ஒரு தடவை போயிருக்கேன். பாப்பா பொறக்கறதுக்கு முன்னாடி. அவரு ரூம் இருக்கிற தெருவுல இருந்து கம்பெனி கேட்டு வரைக்கும் நடந்தே கூட்டிட்டுப் போனாரு. ஒரே சமதரை. உள்ளங்கை மாதிரி. அங்க ரப்பர் பிரேக்கே போதும். பிரேக்கே இல்லாட்டிக்கூடக் காலை ஊணிக்கலாம்.

நீங்க ஏண்ணா தலையைக் குனிஞ்சுக்கிறீங்க? நீங்க உள்ளதைத்தானே சொன்னீங்க. நான்தானே சொல்லச் சொன்னேன்.

சனிக்கிழமைதானே வர்றாரு?

நாளைக்குத் திங்கள். செவ்வாய், புதன், வியாழன், வெள்ளி. அஞ்சு நாள். அஞ்சு நாளும் வண்டி இங்கதானே சும்மா நிக்கப் போகுது? அஞ்சு நாள்ல நான் எத்தனை ஒட்டுக் கட்டுவேன்னு நினைக்கிறீங்க? மரகதம் அக்கா என் மரத்தைத்தான் பார்த்திருக்காங்க, நான் கட்டறதைப் பார்த்ததில்ல. வெள்ளிக்கிழமைக்குள்ள பார்த்துருவாங்க. அப்புறம் டெம்போவைக் காலையிலயே மேல அனுப்பறாங்களோ, என்ன பண்றாங்களோ, அது அவங்க பாடு. சனிக்கிழமை அவரு வரட்டும். அவருகிட்ட நான் பேசிக்கிறேன்.

"சுகுணா! மழை விட்டுருச்சு பாரு, ஆட்டை அவுத்து விடு!"

"இதோ வரேன் அத்தை! அஞ்சு நிமிஷம்!"

அண்ணா, கிளம்பறதுக்கு முன்னாடி ஒண்ணே ஒண்ணு. நான் இதுவரைக்கும் ஒன்பதாவது வளைவு வரைக்கும்தான் எறங்கிப் பார்த்திருக்கேன். அதுக்குக் கீழ பஸ்ஸுலதான் போயிருக்கேன். பஸ்ஸுல உக்காந்து போனா ரோடு எங்க தெரியுது? நீங்க இன்னைக்குத்தான் ஏறி வந்தீங்க, ஒவ்வொரு அடியும் உங்க காலுக்குத் தெரிஞ்சிருக்கும். எங்க சரளை கிடக்கு, எங்க தண்ணி குறுக்க ஓடுது, எந்த இடத்துல முன்பிரேக்கைத் தொடவே கூடாது, எல்லாம் சொல்லுங்க. இருங்க, பாப்பா நோட்டும் பென்சிலும் எடுத்துக்கிறேன்.

ம், சொல்லுங்க. எட்டாவது வளைவு.